வேர்களைத் தேடிய எட்டு இரவுகள்

அரபு நாடுகளில் இன்று 'முஸல்ஸல்' என்று சொன்னால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். தொலைக்காட்சியில் இரவுதோறும் தொடர்ந்து வரும் கதைக்கு அவர்கள் வழங்கும் பெயர் அது. ரமளான் பிறை தென்பட்டதும் இத்தகைய முஸல்ஸல்கள் தொடங்கும். நோன்பு திறந்தபின் இரவுக்கு ஒரு பகுதியாக மாதம் முழுவதும் ஓடிப் பெருநாளையொட்டி முடிவடையும். அவற்றுள் நல்லவையும் உண்டு. அம்மாதத்தின் பேணுதலைக் குலைப்பவையும் உண்டு. அது குறித்து நாம் இங்கு எழுதப் புகவில்லை. அச்சொல்லைப் பற்றியே முதலில் சிறிது கூற வேண்டியிருக்கிறது.

'ஸில்ஸிலா' என்றால் சங்கிலி. சங்கிலியின் கண்ணிகளைப்போல் ஒன்றோடொன்று கோக்கப்பட்டது முஸல்ஸல். தொலைக்காட்சி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது ஹதீஸ் கலையின் குறியீட்டுச் சொல்லாக இருந்தது. ஒரு நபிமொழியை அறிவிப்பவர், தாம் அதனை எந்த நிலையில் கேட்டாரோ அதே நிலையில் தமக்கு அடுத்தவருக்கு அறிவிக்கிறார். அவரும் அவ்வாறே செய்கிறார். கைகோத்துக் கேட்டவர் கைகோத்தே சொல்கிறார். ஆசிரியரிடம் தாம் கேட்ட முதல் ஹதீஸாக அதனைப் பெற்றவர், தம் மாணவருக்கும் அதனையே முதல் ஹதீஸாக ஓதிக்கொடுக்கிறார். இவ்வாறு நிலை மாறாமல் வழிவழியாக வந்ததை 'ஹதீஸ் முஸல்ஸல்' என்பர். மதரஸாக்களில் ஓதியவர்கள் இதனை நன்கறிவர்.

சங்கிலிக்கு மற்றொரு பொருளும் உண்டு. அடிமையின் கழுத்திலும் காலிலும் பூட்டப்படும் விலங்கும் சங்கிலிதான். 1977-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட்டு இரவுகள் காட்டப்பெற்ற 'ரூட்ஸ்', அதாவது 'வேர்கள்' என்னும் குறுந்தொடரில் இம்மூன்று பொருளும் ஒருங்கே வந்து சேர்ந்தன. அத்தொடரின் நாயகன் ஒரு முஸ்லிம் இளைஞன் என்பதால் மட்டும் அது நம் கவனத்திற்குரியதாகிவிடவில்லை. கதைக்கும் வரலாற்றுக்கும் உள்ள உறவு என்ன என்னும் பழைய வினாவை அது புதிய உருவில் எழுப்பிற்று. அதனாலேயே அதனை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

அதற்குமுன் குறுந்தொடர் என்னும் வடிவத்தைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அக்காலம்வரை கதைக்கு இருந்த வழிகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடர். மற்றொன்று, ஓர் இரவில் முடிந்துவிடும் படம். வாரத்தொடரின் நாயகன் சாகமாட்டான், முதுமையடையவும் மாட்டான். இவ்வாரம் அவனுக்கு நேர்ந்த துன்பம் அடுத்த வாரம் சுவடின்றி மறைந்துவிடும். விளம்பரதாரர் பணம் கொடுக்கும்வரை அவன் வாழ்ந்தே தீரவேண்டும். ஓர் இரவுப் படத்திலோ ஒரு தலைமுறையின் வாழ்வே அடங்குவது அரிது. முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு, குறித்த இரவுகளுக்குள் சொல்லி நிறுத்தும் முறை இங்கிலாந்திலிருந்து வந்தது என்று பொதுவாகக் கூறலாம். பிபிசி நிறுவனம் 1967-இல் 26 பகுதிகளாகக் காட்டிய 'ஃபோர்சைட் சாகா' அமெரிக்காவிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன்பின் 1974-இல் 'கியூபி 7', 1976-இல் 'ரிச் மேன், புவர் மேன்' என நாவல்களைத் தழுவிய குறுந்தொடர்களை ஏபிசி நிறுவனம் வெளியிட்டது.

குறித்த இரவுகளில் ஒரு வரலாற்றைச் சொல்லி முடிப்பது கீழை நாட்டவரான நமக்குப் புதியதன்று. ரபீஉல் அவ்வல் பிறை கண்டது முதல் பன்னிரண்டு நாள் மௌலிது ஓதும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். இன்றைக்கு எந்த இடம் ஓதப்படும், எந்த இரவில் முடியும் என்பதை முன்கூட்டியே அறிந்துதான் மக்கள் வந்து அமர்வார்கள். முடிவு தெரிந்திருப்பது சுவையைக் குறைப்பதில்லை. மாறாக, கேட்பவரின் மனத்தை ஒருமுகப்படுத்துகிறது.

'வேர்கள்' நூலை எழுதிய அலெக்ஸ் ஹேலி 1921-இல் பிறந்தவர். அமெரிக்கக் கடலோரக் காவற்படையில் இருபது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு எழுத்துத் தொழிலுக்கு வந்தவர். மால்கம் எக்ஸ் அவர்களின் வாழ்க்கை வரலாற்றை அவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதி 1965-இல் வெளியாகச் செய்தவர் இவரே. அந்நூலைப் படித்த நம்மவர் பலர், எழுதிக்கொடுத்தவரின் பெயரைக் கவனிப்பதில்லை. ஹேலி முஸ்லிம் அல்லர். ஆயினும் டென்னசி மாநிலத்தின் ஹென்னிங் என்னும் சிற்றூரில் தம் பாட்டியின் வீட்டுத் திண்ணையில் கேட்ட குடும்பக் கதைகளில் 'அந்த ஆப்பிரிக்கர்' என்றொருவர் இருந்தார். அவர் வாயிலிருந்து வந்த இரண்டு மூன்று அந்நியச் சொற்களும் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் தேடியதாக ஹேலி கூறினார். அத்தேடல் 1976-இல் நூலாயிற்று.

கதை இதுதான். காம்பியா ஆற்றின் வடகரையில் உள்ள ஜுஃபுரே என்னும் ஊரில் 1750-இல் குன்டா கின்டே பிறக்கிறான். தந்தை ஒமோரோ, தாய் பின்டா. மண்டிங்கா இனத்து முஸ்லிம் குடும்பம். சிறுவன் குர்ஆன் பள்ளியில் ஓதுகிறான். பதினேழாம் வயதில், மரம் வெட்டக் காட்டுக்குச் சென்றவன் அடிமை பிடிப்போரின் கையில் சிக்குகிறான். 'லார்ட் லிகோனியர்' என்னும் கப்பலில் விலங்கிடப்பட்டு, 1767 செப்டம்பர் 29-இல் மேரிலாந்தின் அன்னாபொலிஸ் துறையில் இறக்கப்படுகிறான். வர்ஜீனியாவில் ஒரு தோட்ட முதலாளி அவனை வாங்கி 'டோபி' என்று பெயரிடுகிறான். அப்பெயரைத் தன் வாயால் சொல்லும்வரை சவுக்கடி விழுகிறது. தப்பி ஓடியதற்காகப் பாதத்தின் பாதி வெட்டப்படுகிறது. அவனுக்குப் பிறந்த கிஸ்ஸி என்னும் மகள் விற்கப்படுகிறாள். அவளுடைய மகன் ஜார்ஜ், பேரன் டாம் என்று தலைமுறைகள் செல்கின்றன. ஹேலி தம்மை ஏழாம் தலைமுறையினராகக் கணக்கிடுகிறார்.

நூலில் வரும் ஒரு வழக்கம் நம் உள்ளத்தைத் தொட்டது. குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்ததும் ஜார்ஜ் அனைவரையும் கூட்டி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஆப்பிரிக்கரின் கதையை முதலிலிருந்து சொல்வார். கேட்ட பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதனையே சொல்லும். ஹதீஸ் கலை பயின்ற எவரும் இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவைத்துச் சற்றுநேரம் சிந்திப்பர். கேட்ட நிலையிலேயே சொல்வது! இதற்குத்தானே நம் முன்னோர் முஸல்ஸல் என்று பெயரிட்டனர்!

டேவிட் வோல்பர் என்னும் தயாரிப்பாளர் இதனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். ஆப்பிரிக்கக் காட்சிகள் ஆப்பிரிக்காவில் எடுக்கப்பட்டவை அல்ல. ஜார்ஜியா மாநிலத்து ஸவானா நகரையொட்டி எடுக்கப்பட்டவை. இளைஞன் குன்டாவாக நடித்த லெவார் பர்ட்டன் அப்போது கல்லூரி மாணவர். முதிர்ந்த குன்டாவாக ஜான் ஏமஸ் நடித்தார். ஒரே மனிதரை இரு நடிகர் ஏற்று, பார்ப்பவர் கண்முன்னே பிள்ளை கிழவராவது வாரத்தொடரில் கைகூடாத காரியம்.

ஏபிசி நிறுவனத்தின் நிகழ்ச்சித் தலைவரான ஃப்ரெட் ஸில்வர்மன் இதனை வாரம் ஒருநாள் என்றில்லாமல் 1977 ஜனவரி 23 முதல் 30 வரை எட்டு இரவுகளும் தொடர்ந்து காட்டத் தீர்மானித்தார். அது துணிச்சல் என்று பிற்காலத்தில் புகழப்பட்டது. ஆயினும் அதில் அச்சமும் கலந்திருந்தது என்பர். கறுப்பின மக்களின் துயரக் கதையை வெள்ளையர் பார்ப்பார்களா என்னும் ஐயத்தில், தோற்றாலும் ஒரே வாரத்தில் தோற்று முடியட்டும் என்று எண்ணினார்களாம். நடந்ததோ வேறு. இறுதி இரவில் அந்நாட்டில் தொலைக்காட்சி வைத்திருந்த வீடுகளுள் பாதிக்குமேல் அத்தொடரையே பார்த்தன. அன்று பார்த்தோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர். எட்டு இரவுகளில் ஏதேனும் ஒரு பகுதியையாவது பார்த்தோர் 13 கோடிப் பேர் என்று கணக்கிட்டனர். 'எம்மி' விருதுகளுக்கு 37 பரிந்துரைகள் பெற்று ஒன்பதை அது வென்றது. தேசிய ஆவணக் காப்பகத்தில் தம் முன்னோரின் பெயரைத் தேடி வருவோர் கூட்டம் திடீரெனப் பெருகிற்று.

இவ்வடிவத்திற்குள்ள ஆற்றலை மறுவருடமே உலகம் மீண்டும் கண்டது. யூதர்களை நாஜிகள் அழித்ததைச் சொல்லும் 'ஹோலோகாஸ்ட்' 1978 ஏப்ரலில் நான்கு இரவுகள் அமெரிக்காவில் காட்டப்பெற்றது. 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் அது ஒளிபரப்பானபோது ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பார்த்தனர். தந்தைமார் வாய்திறவாத செய்தியைப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கினர். அவ்வாண்டின் நடுப்பகுதியில், கொலைக்குற்றத்திற்கு வழக்குத் தொடரும் கால வரம்பை அந்நாட்டு நாடாளுமன்றம் நீக்கியபோது, அத்தொடர் எழுப்பிய அலையும் அதற்குப் பின்னணியாக இருந்தது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஓர் அறிவிப்பு எத்துணை உள்ளத்தை உருக்கினாலும், அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று வினவுவது நம் மரபு. ஹேலியின் சங்கிலியை அவ்வாறு வினவியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆங்கிலேய, அமெரிக்க ஆய்வாளர்களே. முதற்கண்ணி ஜுஃபுரேயில் இருந்தது. ஹேலி 1967-இல் அங்கு சென்றபோது முதியவர் ஒருவர் கின்டே குலத்தின் வரலாற்றை ஒப்புவித்து, மரம் வெட்டச் சென்று திரும்பாத குன்டாவையும் குறிப்பிட்டார். இலண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழின் மார்க் ஒட்டவே 1977-இல் அவ்வூருக்குச் சென்று விசாரித்தார். அம்முதியவர் பரம்பரையாகக் குலவரலாறு ஓதும் 'கிரியோ' வகுப்பினர் அல்லர் என்றும், வந்தவர் தேடுவது இன்னதென்று அங்கிருந்தோர் முன்பே அறிந்திருந்தனர் என்றும் எழுதினார். அடுத்த கண்ணி வர்ஜீனியாவில் இருந்தது. கேரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் அங்குள்ள வரி ஏடுகளையும் பத்திரங்களையும் புரட்டி 1981-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். டோபி என்ற அடிமை, கப்பல் வந்த 1767-க்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அத்தோட்டத்து ஏடுகளில் காணப்படுகிறான். கிஸ்ஸி பிறந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு முன்பே அவன் பெயர் ஏடுகளிலிருந்து மறைந்துவிடுகிறது. இதற்கிடையே ஹெரால்டு கூர்லாண்டர் என்பவர், 1967-இல் தாம் எழுதிய 'தி ஆஃப்ரிக்கன்' நாவலின் பகுதிகள் ஹேலியின் நூலில் இடம்பெற்றுள்ளன என்று வழக்குத் தொடுத்தார். 1978 இறுதியில் ஹேலி அதனை ஓரளவு ஒப்புக்கொண்டு 6,50,000 டாலர் கொடுத்துத் தீர்த்தார்.

நூலின் குறை இது. தொடரின் குறைகள் வேறு. அடிமைக் கப்பலின் தலைவனாக எட்வர்டு ஆஸ்னர் நடித்த பாத்திரம் மனச்சாட்சியால் வருந்தும் நல்ல கிறிஸ்தவனாகக் காட்டப்படுகிறது. வெள்ளையர் பார்வையாளர் மனங்கோணாமல் உட்கார்ந்திருக்க அவர்களுக்கும் ஒருவன் வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஜுஃபுரேயோ வெளியுலகம் அறியாத அமைதியான சிற்றூராகக் காட்டப்படுகிறது. உண்மையில் அதற்கு எதிரே, ஆற்றின் நடுவிலிருந்த ஜேம்ஸ் தீவில் 1661 முதல் ஆங்கிலேயரின் கோட்டை இருந்தது. அடிமை வாணிபத்தின் வாசலிலேயே அமைந்திருந்த ஊர் அது. ஹேலி அறிந்தே அவ்வாறு எழுதினார்; தம் மக்களுக்கும் ஓர் ஏதேன் தோட்டம் வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். 2016-இல் நான்கு இரவுகளாக இத்தொடர் மீண்டும் எடுக்கப்பட்டபோது ஜுஃபுரேயை வாணிபம் நடக்கும் ஆற்றங்கரை ஊராகவே காட்டினர். அத்திருத்தம் வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு நாடே ஒருசேர உட்கார்ந்து பார்க்கும் காலம் அதற்குள் போய்விட்டது.

அப்படியானால் 'வேர்கள்' பொய்யா? இவ்வினாவிற்கு அவசரப்பட்டு விடையளிப்பவர்களோடு நாம் உடன்படவில்லை. டமாஸ்கஸ் நகரில் ஹிஜ்ரி 643-இல் மறைந்த ஹதீஸ் கலைப் பேரறிஞர் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) முஸல்ஸல்களைப் பற்றி ஒரு நுட்பமான கருத்தைக் கூறிச் சென்றார்கள். முஸல்ஸலான அறிவிப்புகளில் பலவீனம் இல்லாதவை மிகச் சிலவே. ஆனால் அப்பலவீனம் சங்கிலியாகக் கோத்த முறையில்தான் உள்ளதேயன்றி மூலச் செய்தியில் அன்று என்பது அதன் கருத்து. ஹேலியின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோலை நாம் காணவில்லை. கண்ணிகள் கோக்கப்பட்ட முறை பலவீனமானது. ஆனால் ஓதத் தெரிந்த ஆப்பிரிக்க முஸ்லிம்கள் விலங்கிடப்பட்டுக் கடல் கடத்தப்பட்டனர், அவர்கள் பெயர் பறிக்கப்பட்டது, மகளைத் தாயின் கையிலிருந்து பிரித்து விற்றனர் என்னும் மூலச் செய்தியை எவராலும் மறுக்க முடியாது.

ஆயினும் இத்துடன் நாம் நிறைவுறவும் இயலவில்லை. 'இது நாவல்' என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் அந்த எட்டு இரவுகளின் வலிமையே 'இது என் குடும்பம்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அதோடு, குறுந்தொடர் என்னும் வடிவத்திற்கே ஒரு கட்டாயம் உண்டு. முதல் இரவு இரண்டாம் இரவின் கையில் கதையை ஒப்படைக்க வேண்டும்; இடையில் கண்ணி அறுந்தால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவர். அடிமை முறை செய்த கொடுமையோ கண்ணியை அறுத்ததுதான். அமெரிக்காவில் 1850, 1860 ஆம் ஆண்டுகளின் மக்கள் கணக்கில் அடிமைகளுக்கெனத் தனி ஏடு இருந்தது. அதில் வயதும் பாலும் நிறமும் எழுதப்பட்டன, பெயர் எழுதப்படவில்லை. விடுதலைக்குப் பின், 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அம்மக்களுட் பெரும்பாலோர் பெயருடன் தோன்றுகின்றனர். தம் முன்னோரைத் தேடிச் சென்ற கறுப்பின மக்கள் அந்த 1870 என்னும் சுவரில் முட்டி நின்றனர். எனவே உண்மையாகச் சொல்லப்படும் கதையில் பெரும்பகுதி வெற்றிடமாகவே இருக்கும். வெற்றிடத்தை எட்டு இரவுகள் எப்படிக் காட்டுவது? ஹேலி அதனைத் தம் கற்பனையால் நிரப்பினார். பக்தாதில் பெருங்கூட்டம் கூட்டி உரையாற்றிய இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களே, கதை சொல்வோரின் பொய்களைக் கண்டித்து ஒரு தனி நூல் எழுதினார்கள். கதை சொல்லாதீர் என்று அவர்கள் கூறவில்லை. எதைக் கூட்டினீர் என்று கேட்டார்கள்.

வெற்றிடம் இல்லாத சான்றுகள் இல்லாமலுமில்லை. குன்டா கின்டே பிறந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு இருபது ஆண்டுகள் முன்பே, அதே காம்பியா ஆற்றிலிருந்து அதே அன்னாபொலிஸ் துறைக்கு ஒருவர் அடிமையாகக் கொண்டுபோகப்பட்டார். புண்டு நாட்டைச் சேர்ந்த அய்யூப் இப்னு சுலைமான் என்பது அவர் பெயர்; டியாலோ குலத்தவர். மார்க்கக் கல்வி உடைய குடும்பம். மேரிலாந்தில் தொழுவதற்காகக் காட்டுக்குள் ஒதுங்கிய அவரை ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் கேலி செய்து முகத்தில் மண்ணை வீசினான். தந்தைக்கு அரபியில் அவர் எழுதிய கடிதம் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஓகல்தார்ப் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவே அவர் மீட்சிக்கு வழியாயிற்று. 1733-இல் இலண்டனுக்கு வந்தவர் திருக்குர்ஆனை நினைவிலிருந்தே மூன்று பிரதிகள் எழுதினார். 1734-இல் ஊர் திரும்பினார். அவ்வாண்டே அவருடைய வரலாறு நூலாக அச்சேறியது. இச்சங்கிலியில் பலவீனமான கண்ணி இல்லை. ஆனால் ஏதேன் தோட்டமும் இல்லை. அவர் பிடிபட்டதே, தந்தை சொற்படி இரண்டு அடிமைகளை விற்றுக் காகிதம் வாங்கச் சென்ற பயணத்தில்தான். பிடித்து விற்றவர்கள் மண்டிங்கா இனத்தவர். எந்தக் கப்பல் தலைவனோடு விலை பேசிப் படியாமல் வந்தாரோ அதே கப்பலில் அவரும் ஏற்றப்பட்டார். நம்மவர் இவ்வரலாற்றை எழுதும்போது முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் புகழ்வதைக் காண்கிறோம். அதுவும் கதை சொல்வோர் வழக்கமே.

மற்றவர் உமர் இப்னு ஸயீத். இன்றைய ஸெனகலைச் சேர்ந்த ஃபூத்தா தோரோவில் பிறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி பயின்றவர். 1807-இல் சார்லஸ்டன் துறையில் விற்கப்பட்டார். கொடிய முதலாளியிடமிருந்து தப்பி வட கரோலினாவின் ஃபேயட்வில் சிறையில் கிடந்தபோது, சிறைச் சுவரில் அவர் எழுதிய அரபு எழுத்துகளை ஊரார் திரண்டு பார்த்தனர். பின்னர் ஓவன் குடும்பத்தாரிடம் இருந்தார். விடுதலை பெறாமலே 1860-களில் மறைந்தார். கிறிஸ்தவ தேவாலயத்தில் அவர் சேர்க்கப்பட்டதற்கும் ஏடு உண்டு. அவர் உள்ளத்தில் எது இருந்தது என்பது பற்றி அறிஞர்களிடையே வாதம் நடக்கிறது. அதனை அல்லாஹ்வே அறிவான். 1831-இல் அவர் தம் வரலாற்றைத் தம் கையாலேயே அரபியில் எழுதினார். அமெரிக்காவில் அடிமையாக இருந்தவர் அரபியில் எழுதிய தன்வரலாறுகளுள் இன்று நமக்குக் கிடைத்திருப்பது அதுவே. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017-இல் அதனைப் பெற்று, 2019-இல் எவரும் பார்க்குமாறு வெளியிட்டது.

பதினைந்து பக்கங்கள்தாம். தம் ஊரைப் பற்றியோ கப்பலைப் பற்றியோ அவர் உடனே தொடங்கவில்லை. முதலில் ஸூரத்துல் முல்க். நம் வீடுகளில் இஷாவுக்குப்பின் பெண்கள் ஓதும் அதே 'தபாரக' ஸூரா. ஆட்சியும் உடைமையும் எவன் கையில் உள்ளன என்று தொடங்கும் அத்தியாயத்தை, இன்னொருவனின் உடைமையாக இருந்தவர் நினைவிலிருந்து எழுதிவிட்டுத்தான் தம் கதைக்கு வருகிறார். எழுத்து மேற்காப்பிரிக்காவின் மஃக்ரிபி முறையைச் சேர்ந்தது. அம்முறையில் 'ஃபே' எழுத்துக்குப் புள்ளி கீழே இருக்கும்; 'காஃப்' எழுத்துக்கு மேலே ஒரே புள்ளிதான். இதனை நினைவில் வைத்துக்கொண்டால், மதரஸாவில் ஓரிரண்டு ஆண்டு ஓதிய பிள்ளைகளும் அப்பக்கங்களைத் தாமே வாசித்துவிடலாம்.